எல்லைக்கல்லுக்கு ஒரு சாண் கீழே

அரிவாளை எப்படிப் பிடிப்பது, சேற்றில் காலை எப்படி எடுத்து வைப்பது என்பதையெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தால் தானாகப் பிடிபட்டுவிடும். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் வந்தீர்களானால் நீங்கள் எங்கள் ஆள். முக்கால்வாசிப் பேர் முதல் வாரம் செல்ஃபி எடுத்துக்கொண்டு, இரண்டாவது வாரம் காய்ச்சல் என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சொல்கிறேன்.

நான் இருபத்தெட்டு வருடம் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு பஸ் ஓட்டியவன். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்கார்ந்து வீட்டுக்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள முடியாமல், ஏரி குளங்களில் மண்டிக் கிடக்கும் வெளிநாட்டுக் களைகளைப் பிடுங்கும் இந்தக் குழுவில் சேர்ந்தேன். மூன்றே மாதத்தில் என்னைத் தலைவராக்கிவிட்டார்கள். காரணம் அறிவெல்லாம் இல்லை. என் குரல் கரையின் இந்த முனையில் கிளம்பினால் அந்த முனையில் கேட்கும். ஒன்பது வருடம் அப்படிக் கத்தியே குழுவை நடத்தினேன். இப்போது முட்டி இரண்டும் மக்கர் பண்ணுவதால் இரண்டாவது தடவையாக ஓய்வு பெற்றிருக்கிறேன்.

இந்த வேலையில் எனக்கு ஒரு குரு உண்டு. என்னைவிட முப்பது வயது சின்னவர். கூலி வேலைக்குப் போகிற பெண். தன் பெயரை எங்கேயும் எழுதக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டதால் அந்தம்மா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். நான் செய்த தப்புகளிலேயே பெரிய தப்பைச் சொன்னால்தான் அந்தம்மாவைப் பற்றிச் சொல்ல முடியும். ஆகவே என் மானம் போனாலும் பரவாயில்லை என்று ஆரம்பிக்கிறேன்.

கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு தாங்கல். சின்ன ஏரிக்கு எங்கள் பக்கம் தாங்கல் என்றுதான் பெயர். தண்ணீர் தேங்கும் அதன் உள்வாயில் பாதி, வருடம் பூராவும் காயாத சதுப்பு. நாணலும் கோரையும் அல்லியும் நீர்க்கோழியுமாக இருந்த இடம் என்று ஊரில் சொல்வார்கள். நாங்கள் போனபோது அல்லியும் இல்லை, கோழியும் இல்லை. கரையிலிருந்து கரைக்கு நெய்வேலிக் காட்டாமணக்கு. ஆள் உயரம், ஊதாப் பூ, ஆடு மாடு வாய் வைக்காது. நீங்களும் பார்த்திருப்பீர்கள், அழகாக இருக்கிறதே என்று போட்டோகூட எடுத்திருப்பீர்கள்.

இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செடியின் தண்டு உள்ளே குழல், அதனால் மிதக்கும். வெட்டிப் போட்ட துண்டு ஈரம் கண்டால் வேர் விடும். எனக்கு அப்போது இரண்டும் தெரியாது. தலைவருக்குத் தெரியாது என்று யாருக்கும் தெரியாது, அதுதான் வம்பு.

புரட்டாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு கல்லூரியிலிருந்து ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் வந்திருந்தார்கள், எங்கள் ஆட்கள் பதினைந்து பேர். அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் உழைத்த உழைப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது. தொடை வரை சேறு, வெட்டினால் கையெல்லாம் பால் வடிந்து அரிக்கும். ஒருவர் முகத்திலும் சுணக்கம் இல்லை. மதியத்துக்குள் பாதிச் சதுப்பு வெளியே தெரிந்தது. வெட்டியதையெல்லாம் கரையின் வடக்கு முனையில், கலங்கல் பக்கத்தில் குவிக்கச் சொன்னேன். கலங்கல் என்றால் ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கல்கட்டு. அதுதான் பக்கம், தூக்கிக்கொண்டு போக வசதி. குவியல் இரண்டு ஆள் உயரத்துக்கு எழும்பியது. அதன் முன்னால் எல்லாரும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம்.

அப்போதுதான் அந்தம்மாவை முதலில் பார்த்தேன். கரையின் தெற்கு முனைக்குக் கீழே அரை ஏக்கர் கழனியைக் குத்தகைக்கு எடுத்து நாற்றங்கால் விட்டிருந்தார். சொந்தமாக ஒரு அடி நிலம் கிடையாது. வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை. பிறத்தியார் கழனியிலேயே நட்டு, களையெடுத்து, அறுத்துக்கொண்டிருந்தவர், அந்த வருடம்தான் முதல் முறையாகத் தனக்கென்று ஒரு போகம் வைக்கத் துணிந்திருந்தார். களைக்கொத்தும் கையுமாக வந்து குவியலைச் சுற்றிப் பார்த்தார். பிறகு, என் பஸ்ஸில் போய் வந்த பழக்கத்தில், என்னிடம் வந்தார்.

"டிரைவரய்யா, இத்த ஈரத்துல போடாதீங்க. தழச்சிக்கும். தண்ணி வந்தா மெதந்து போய் கலங்கல்ல அடைச்சிக்கும். அந்தப் பாறை மேல போட்டுக் காயவெச்சுக் கொளுத்துங்க."

பாறை அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தது. மணி ஒன்று. சாப்பாட்டுப் பொட்டலம் வந்துவிட்டது, கல்லூரி பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். ஹாரன் அடிக்கிறவனின் அவசரம் என்னைவிட யாருக்குத் தெரியும்? அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தம்மாவிடம் சொல்லிவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன். அவரும் சரி என்று போய்விட்டார். அடுத்த வாரம் ஆயுத பூஜை என்று யாரும் வரவில்லை. அதற்கடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது.

ஐப்பசியில் மலைமேல் இரண்டு நாள் விடாமல் ஊற்றியது. மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்கு அந்த ஊர் வார்டு உறுப்பினர் போன் செய்தார். நடுத்தர வயது, நல்ல மனிதர், எங்களுக்கு அனுமதி வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். அன்றைக்கு அவர் என்னை அழைத்த மரியாதையை இங்கே எழுத முடியாது. நான் எங்கள் ஆட்களில் கிடைத்த பதினோரு பேரைத் திரட்டிக்கொண்டு ஓடினேன்.

நேராகக் கலங்கலுக்குப் போய்ப் பார்த்தேன். நாங்கள் அடுக்கிய குவியல் அப்படியே சரிந்து தண்ணீரில் இறங்கிக் கலங்கலை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அடைத்துக்கொண்டு நின்றது. சும்மா அடைக்கவில்லை. மூன்று வாரத்தில் துண்டுக்குத் துண்டு துளிர்த்து, வேர் விட்டு, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, மெத்தை மாதிரி கிடந்தது. வழிய வேண்டிய தண்ணீர் வழியாமல் ஏரி ஏறிக்கொண்டே இருந்தது. நடுக்கரையில் எலி வளை இருந்த இடத்தில் ஏற்கெனவே கசிவு. அந்த இடத்துக்கு நேர் கீழே பள்ளத்தில் வரிசையாக வீடுகள்.

கரையின் தெற்கு முனையில் ஒரு பொக்லைன் தயாராக நின்றது. அங்கே கரையை வெட்டிவிட்டால் தண்ணீர் பக்கத்து ஓடையில் போய்ச் சேர்ந்துவிடும், வீடுகளுக்கு ஆபத்தில்லை. நடுவில் அரை ஏக்கர் நெல்தான் போகும். யாருடைய நெல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நட்டு இருபது நாள் ஆன பயிர், தூர் கட்டத் தொடங்கியிருந்தது.

வார்டு உறுப்பினர் வெட்டிவிடலாம் என்றார். ஊரில் கூடியிருந்தவர்களும் அதையே சொன்னார்கள். எனக்கும் அதுவே சரி என்றுதான் பட்டது. அதற்கு முன்னால் என் பங்குக்கு ஒரு யோசனை சொன்னேன். குவியலில் கயிறு கட்டி டிராக்டரால் இழுத்துவிடலாம் என்று. அந்தம்மா அதுவரை கலங்கலையே பார்த்துக்கொண்டு நின்றவர், இழுத்தால் வேரோடு கல்கட்டும் சேர்ந்து வந்துவிடும், அப்புறம் மொத்த ஏரியும் ஒரே நேரத்தில் வெளியே வரும் என்றார். உற்றுப் பார்த்தேன். வேர் கல் இடுக்குகளில் இறங்கியிருந்தது. அவர் சொன்னது சரி.

வலது ஓரத்தில் பக்கச்சுவர் மேல் நின்றுகொண்டு கொக்கியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுத்தால், ஒரு ஆள் நுழைகிற அளவு வழி கிடைத்தால் போதும், மிச்சத்தைத் தண்ணீரே அடித்துக்கொண்டு போய்விடும் என்றார். நூறு நாள் வேலையில் வாய்க்கால் வாய்க்காலாக அடைப்பெடுத்த கை அது. எத்தனை நேரம் ஆகும் என்று கேட்டேன். எல்லாரும் கை வைத்தால் ஒரு மணி நேரம் என்றார்.

கூட்டத்தில் ஒருவர் சத்தமாகவே சொன்னார், அது கழனிக்காகப் பேசுகிறது என்று. நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது. அவருக்கு இருக்கிற ஒரே பயிர் அது. யாராக இருந்தாலும் அப்படித்தானே பேசுவார்கள்? பள்ளத்தில் குழந்தை குட்டிகளோடு வீடுகள். ஒரு மணி நேரத்தை நம்பி விட்டு, நாற்பதாவது நிமிடம் கரை உடைந்தால் யார் பதில் சொல்வது? ஊராரும் எங்கள் ஆட்களும் என் வாயைப் பார்த்தார்கள். குவியலைப் போட்டவன் நான், ஆகவே நான்தான் சொல்ல வேண்டும் என்பதுபோல.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தம்மா ஒரு காரியம் செய்தார். வேலியிலிருந்து ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு கரையின் உட்புறம் இறங்கினார். அங்கே பழைய எல்லைக்கல் ஒன்று பதித்திருக்கும். அந்தக் கல்லைத் தொடும் வரை கரைக்குப் பயமில்லை என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. அந்தம்மா கல்லுக்கு நேராக, அதே மட்டத்தில் நடவில்லை. கல்லுக்கு ஒரு சாண் கீழே, தண்ணீருக்கு அரை முழம் மேலே, குச்சியைப் படுக்கைவாட்டில் கரையில் குத்தினார்.

"தண்ணி இந்தக் குச்சியத் தொட்ற வரிக்கும் கையால எடுக்கலாம். தொட்டுச்சின்னா ஒரு பேச்சு இல்ல, தெக்கால வெட்டிடுங்க. அதுக்குள்ள வூட்டு ஜனங்கள இஸ்கூலுக்கு அனுப்பிடுங்க."

கூட்டம் அடங்கிவிட்டது. கழனிக்காகப் பேசுகிறவள் குறியை மேலே தள்ளுவாளே தவிர, கீழே இறக்குவாளா? நான் சரி என்றேன். அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். குச்சியைக் காவல் காக்கும் வேலையைத் தனக்கு வேண்டியவர் யாரிடமும் கொடுக்கவில்லை. வெட்ட வேண்டும் என்று முதலில் சொன்ன வார்டு உறுப்பினரையே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு எங்கள் பதினோரு பேர், ஊரில் ஏழெட்டுப் பேர், அந்தம்மா. கொக்கி போதாமல் தேங்காய் பறிக்கிற துறட்டியெல்லாம் வந்தது. பள்ளத்து வீட்டுக்காரர்களில் நான்கு பேர், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்து கை கொடுத்தார்கள். எங்கள் குழுவில் ஒரு வங்கி ஊழியர் உண்டு. வாரா வாரம் சேற்றைக் கண்டால் முகம் சுளிக்கிறவர். அன்றைக்கு அவர் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தும், துண்டைச் சுற்றிக்கொண்டு இழுத்தார். எனக்கு அவரைப் பிடிக்காது. அன்றையிலிருந்து பிடிக்கும்.

முக்கால் மணி நேரத்தில் வலது ஓரத்தில் வழி திறந்தது. முதலில் ஒரு குடம் சாய்த்த மாதிரி, அப்புறம் மதகு திறந்த மாதிரி, தண்ணீர் அந்தப் பக்கம் விழ ஆரம்பித்தது. எல்லாரும் ஹோ என்று கத்தினோம். ஆனால் மலையிலிருந்து வருகிற தண்ணீர் அதைவிட ஜாஸ்தி. ஏறுவது கம்மியானதே தவிர நிற்கவில்லை. இன்னும் ஒரு பங்கு திறந்துவிட்டால் போதும் என்று கண்ணுக்கே தெரிந்தது.

அப்போது வார்டு உறுப்பினர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது. தண்ணீர் குச்சியைத் தொட்டுவிட்டது. வெட்டு வெட்டு என்று காலையில் குதித்த அதே மனிதர், இன்னும் பத்து நிமிடம் பார்க்கலாமே, கல்லுக்கு ஒரு சாண் இருக்கிறதே என்று கெஞ்சினார். எனக்கும் அதே நினைப்புதான். எல்லாருக்கும் அதே நினைப்பு.

அந்தம்மா சுவரின் மேல் குனிந்து இழுத்துக்கொண்டிருந்தவர் திரும்பவே இல்லை.

"தொட்டுச்சா?" என்றார்.

தொட்டுவிட்டது என்றேன்.

"அப்ப வெட்டச் சொல்லுங்க. சொன்னது சொன்னதுதான்."

பொக்லைன் ஓட்டுநர் அங்கிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டு ஜனங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தோம். கொடுத்த வாக்கை நடுவில் மாற்றினால் அப்புறம் அந்தக் குச்சிக்கு அர்த்தமே இல்லை. இருபத்தெட்டு வருடத்தில் எத்தனையோ தடவை மலைப்பாதையில் பிரேக்கில் கால் வைத்து உயிரைக் கையில் பிடித்திருக்கிறேன். எதுவும் அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடாகாது. கையைத் தூக்கினேன்.

கரை வெட்டுப்பட்ட சத்தம் கேட்டது. தண்ணீர் அந்த அரை ஏக்கரில் இறங்கியதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அந்தம்மா மட்டும் பார்க்கவில்லை. கொக்கியைப் போட்டு அடுத்த கொத்தை இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற வங்கி ஊழியர் அழுதுகொண்டே இழுத்தார்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை, கலங்கலில் மிச்சமிருந்த மெத்தை மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு போனது. ஏரி இறங்க ஆரம்பித்தது. வெட்டிய இடத்தை மண்மூட்டை போட்டு மதியத்துக்குள் அடைத்துவிட்டோம். வெட்டாமல் இருந்திருந்தாலும் தண்ணீர் எல்லைக்கல்லைத் தொட்டிருக்காது என்று பிற்பாடு எல்லாரும் சேர்ந்து கணக்குப் போட்டோம். எனக்கு அந்தக் கணக்கு பிடிக்கவே இல்லை, ஆனால் அது சரியான கணக்குதான். பள்ளத்தில் ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் போகவில்லை. அந்தம்மாவின் கழனியில் மட்டும் முட்டி உயரத்துக்கு வண்டல்.

நான் போய் அவர் முன்னால் நின்றேன். என் தப்பு என்றேன். ஆமாம் என்றார். இந்த ஊரில் இனி உங்கள் குழு கால் வைக்கக்கூடாது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றோடு நாங்கள் ஒழிந்தோம். அவர் சொல்லவில்லை. மறுநாளே நாங்கள் மண்வெட்டியும் தட்டுமாக அந்தக் கழனிக்குப் போனோம். வண்டல் வாரி, அக்கம்பக்கத்தில் மிஞ்சிய நாற்றைக் கேட்டு வாங்கி நட்டோம். காலம் தப்பிய நடவு, வழக்கமான விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குதான் கண்டுமுதலானது. கலங்கல் வழியாகப் போன துண்டுகள் ஓடையில் எங்கெங்கே ஒதுங்கியதோ, அங்கெல்லாம் நடந்து நடந்து ஒன்று விடாமல் பொறுக்க எங்களுக்கு இரண்டு வருடம் பிடித்தது. அந்த நடையில் பாதிக்கு மேல் அந்தம்மாவும் எங்களோடு வந்தார். எந்தத் துண்டு செத்தது, எது செத்த மாதிரி நடிக்கிறது என்று அவர் கைக்குத்தான் தெரியும். இப்போது குழுவை நடத்துகிறவரும் அவர்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கப்போவதும் அவர்தான். அவர் கத்தமாட்டார், ஆகவே கிட்டப் போய் நின்று கேளுங்கள்.

ஒன்றை மட்டும் நான் ரொம்ப நாள் கேட்காமல் வைத்திருந்தேன். இரண்டு வருடம் கழித்து ஒரு மாசி மாதம், பாறை மேல் காய்ந்த குவியலைக் கொளுத்திவிட்டு நின்றபோது கேட்டேவிட்டேன். கல்லுக்கு நேராகவே குச்சியை நட்டிருந்தால் உன் பயிர் தப்பியிருக்குமேம்மா, கரை தாங்காது என்று பயந்துவிட்டாயா என்று.

கரை தாங்கும் என்று தெரியும் என்றார். அப்புறம் நெருப்பைக் கிளறிக்கொண்டே, கோபமே இல்லாமல் சொன்னார்.

"கல்லுக்கு நேரா நட்டிருந்தா, கழனிக்கோசரம் பேசுதுன்னு சொல்லிக்கினே நின்னிருப்பீங்க. ஒருத்தரும் கை வெச்சிருக்க மாட்டீங்க. எம் பேச்ச நீங்க கேக்கணும்னா அவ்ளோ கீழ எறக்க வேண்டியிருந்திச்சி, டிரைவரய்யா."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அன்றைய காலையை மனதில் ஓட்டிப் பார்த்தேன். அவர் கல்லுக்கு நேராகக் குச்சியை நட்டிருந்தால், நான் பொக்லைனைப் பார்த்துத்தான் கையைத் தூக்கியிருப்பேன்.